விழாமல் நின்ற குற்றம்

இடிக்கால் அண்ணன் கடைசியாகக் காலை இடுப்புக்கு மேல் தூக்கியது எந்தக் காலத்தில் என்று படப்பிடிப்புத் தளத்தில் யாரும் பேசிக்கொள்வதில்லை. புதிதாக வந்த ஒளிப்பதிவாளர் ஒருவர் வாய் தவறிக் கேட்டுவிட்டார். மறுநாளே இன்னொரு ஒளிப்பதிவாளர் வந்தார். அவருக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் இல்லை.

அண்ணன் ஒரு காலத்தில் உதைத்தது உண்மைதான். பறந்து உதைத்தார், படுத்து உதைத்தார், ஓடுகிற லாரியிலிருந்து உதைத்தார். ஒரு படத்தில் ஹெலிகாப்டரையே உதைத்தார். முதலாளிக்கு ஹெலிகாப்டர் கட்டுப்படியாகாததால் அது திரைக்கு வெளியே விழுந்து வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இப்போது அண்ணனுக்கு இரண்டு முட்டியிலும் பட்டை, இடுப்பில் பெல்ட், தலையில் விக்கு. ஆனாலும் படம் வருவது நிற்கவில்லை. 'இடிக்கால்', 'மீண்டும் இடிக்கால்', 'இடிக்கால் தூங்கவில்லை', 'தூங்காத இடிக்கால்' என்று வந்துகொண்டே இருந்தது. கதை ஒன்றேதான். அண்ணனின் தங்கையை யாரோ கடத்துவார்கள். அண்ணன் ஒரு பழைய கிடங்குக்குப் போய், காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் எல்லாரையும் உதைத்து அவளை மீட்டு வருவார். முதல் தங்கையாக நடித்த அம்மாள் பேத்தி எடுத்துவிட்டார். இப்போது தங்கையாக நடிப்பது அந்தப் பேத்திதான்.

இந்தக் கிடங்குக்குள் பீரோ வந்து சேர்ந்தது மச்சானால். பீரோ என்பது அவருக்கு மரச்சாமான் கடையில் வைத்த பெயர். இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோவார். ஆளும் கிட்டத்தட்ட அதே அளவு. கடையை இழுத்து மூடியதும் அந்த முதுகுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மாதக்கணக்கில் தெருத்தெருவாக அலைந்தார். பிறகுதான் மனைவியின் தம்பி வந்து நின்றான். அவனுக்குப் படக் கம்பெனியில் பொறுப்பான வேலை: அண்ணனின் கால் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவது.

"சும்மா விழுந்தா போதும் மாமா. உங்க ஒடம்புக்கு அப்படியே எடுத்துக்குவாங்க" என்றான்.

"அடி பலமா இருக்குமா மச்சான்?"

"அடிக்கிறதுக்கு அங்க ஆளே இல்ல மாமா."

அது எவ்வளவு உண்மை என்பது முதல் நாளே தெரிந்தது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மச்சான் அவருடைய வலது காலை ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கி ஸ்டூல்மேல் வைத்தான். கேமரா தரையில் படுத்துக்கொண்டு அந்தக் காலை மட்டும் பார்த்தது. அடிபட வேண்டியவர்கள் வரிசையில் நின்றார்கள். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கியவர்கள்கூட அவ்வளவு பொறுமையாக நிற்க மாட்டார்கள். ஒருவன் முகத்தைக் கொண்டுவந்து அண்ணனின் பாதத்துக்கு எதிரே வைப்பான், பிறகு பறந்துபோய் விழுவான். அடுத்தவன் வருவான். அண்ணனை ஒரே சமயத்தில் இரண்டு பேர் தாக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் தர்மம். தாக்கினால் ஸ்டூல் ஆடும்.

பீரோவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அவர் உயரம். அண்ணன் காலோ ஸ்டூல் உயரம். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். இங்கே யானை படுத்தே இருந்ததால் குதிரைக்குக் குழி வெட்டினார்கள். முன்பெல்லாம் முழங்கால் ஆழம் போதுமாம்; இப்போது இடுப்பு ஆழம் வேண்டியிருந்தது. குழிக்குள் இறங்கி நின்றால் நெஞ்சு சரியாக ஸ்டூலுக்கு நேரே வரும். பின்னால் சாய்ந்து விழ மெத்தை. வெளியே இருந்து பார்த்தால், பாதி புதைத்த ஆளை அண்ணன் ஏன் உதைக்கிறார் என்று தோன்றும். ரசிகர்களுக்குத் தோன்றவில்லை.

சண்டை மாஸ்டர் விழும் கலையைக் கற்றுக்கொடுத்தார். அவர் தொண்டை கரகரத்த, எப்போதும் கழுத்தில் துண்டு போட்ட மனிதர்.

"காலைப் பாக்காத. என் வாயைப் பாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணுன்னா விழு. அதுக்கு முன்னாடி விழுந்தா படம் கெட்டுச்சு. அதுக்கு அப்புறம் விழுந்தா நீ கெட்ட."

"அண்ணன் கால் எப்ப வரும் மாஸ்டர்?"

"கால் எங்க வரும்? நாமதான் போகணும்."

"ஒருவேளை தப்பித் தவறிப் பட்டுடுச்சுன்னா?"

மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை வருஷத்துல யாருக்கும் படல. உனக்குன்னு ஸ்பெஷலா வந்து படுமா?"

பீரோ பொறுப்பான ஆள். சொன்னதைச் சொன்னபடி செய்தார். சண்டைக் கலைஞர் சங்கத்தில் சேர்த்து உறுப்பினர் அட்டையும் கொடுத்தார்கள். அந்த அட்டை இருந்தால்தான் எந்தக் கிடங்கிலும் விழ முடியும். இல்லாதவன் சொந்த வீட்டில்கூட விழக் கூடாது என்கிற மாதிரி கெடுபிடி. அட்டையை மனைவி அரிசி டப்பாவுக்குள் பத்திரமாக வைத்தாள். வீட்டில் அடுப்பு எரிந்தது. விழுவதில் என்ன கௌரவக் குறைச்சல் என்று அவர் தன்னைத் தானே கேட்டுக்கொண்டார். பதிலை மகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தாள்.

"அப்பா, எல்லாரும் சிரிக்கிறாங்க. நீ எல்லாப் படத்துலயும் முதல் ஆளா விழுந்துடுறியாம். பெரிய ஒடம்பு, சும்மா காத்துன்னு சொல்றாங்க."

"முதல்ல விழுறவனைத்தான் கண்ணு கேமரா நல்லாக் காட்டும்."

"அவரு உன்னைத் தொடவே இல்லப்பா. நான் பார்த்தேன்."

குழந்தை பார்த்துவிட்டாள். வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியவர்கள் யாரும் பார்க்காததை வீட்டுத் தரையில் உட்கார்ந்து டிவியில் அவள் பார்த்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் அந்த விபரீதம் நடந்தது. 'தூங்காத இடிக்கால் இரண்டு' படப்பிடிப்பு. படத்தை வாங்க வந்த விநியோகஸ்தர்கள் ஏழெட்டுப் பேர் கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பீரோ குழிக்குள் நின்றார். பின்னால் ஆறு பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். மாஸ்டர் "ஒண்ணு" என்றார். "ரெண்டு" என்றார். அந்த நேரம் பார்த்து அண்ணனின் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. ஸ்டூலில் இருந்த கால், யாரையும் கேட்காமல், வெடுக்கென்று நீண்டு பீரோவின் நெஞ்சில் வந்து நின்றது.

அண்ணன் "ஆ!" என்று அலறினார். பல வருஷங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் ஓர் உணர்ச்சி தெரிந்தது. பின்னால் நின்ற ஆறு பேரும் உதை தங்கள்மேல் பட்டதாகவே நினைத்துப் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். மாஸ்டருக்கு அதிர்ச்சியில் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. மூன்று வரவில்லை. பீரோ அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வராமல் விழுந்தால் படம் கெட்டுவிடுமே.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "காலைப் பிடிடா, காலைப் பிடிடா" என்று அண்ணன் கத்தினார். பாவம் பார்த்து பீரோ, தன் நெஞ்சில் இருந்த அந்தக் காலை எடுத்து, மெதுவாக உருவிவிட்டார்.

ஏழெட்டுப் போன்களிலும் அது பதிவாகியிருந்தது. அன்றைக்கே பரவிவிட்டது. இடிக்கால் உதைத்தும் அசையாத ஆள்! உதைத்தவருக்கே கால் பிடித்துவிட்ட ஆள்! விநியோகஸ்தர்கள் படத்தை வாங்காமல், வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள்.

மறுநாள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடியே வந்தாள். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, நீ விழலையாமே! எங்க கிளாஸ்ல எல்லாரும் பார்த்துட்டாங்க. உங்க அப்பா நெஜமாவே ஸ்ட்ராங்கான்னு கேக்குறாங்க!"

மூன்று வராததால் நின்றேன் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. "ஆமா கண்ணு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை படத்தில் வேண்டுமானாலும் விழலாம் என்று இருந்தது.

சாயங்காலமே மச்சான் அழுதுகொண்டு வந்தான். "மாமா, உங்க அட்டையைப் புடுங்கப் போறாங்க. உங்களைக் கூட்டிட்டு வந்தவன்னு என் ஸ்டூலையும் புடுங்கிட்டாங்க. நாளைக்கு சங்கத்துல விசாரணை."

"எதுக்குடா விசாரணை?" என்றாள் மனைவி. "குதிரை கீழ தள்ளினது பத்தாதுன்னு குழியும் பறிச்ச கதையா இருக்கு. அவருதானே ஒதைச்சாரு? ஒதை வாங்கினவரு மேல என்ன கேஸு?"

"விழாம நின்னாராம்க்கா. அதான் கேஸு."

அவள் அரிசி டப்பாவிலிருந்து அட்டையை எடுத்துத் துடைத்தாள். "நாளைக்கு அவங்க என்ன சொன்னாலும் சரின்னுட்டு வாங்க" என்றாள். "திரும்ப அந்தத் தெருத்தெருவா அலையிறது நமக்கு வேணாம்." பள்ளிக்கு விடுமுறை என்பதால் மகளும் கூட வருவேன் என்று அடம்பிடித்தாள். அப்பாவுக்குப் பரிசு கொடுக்கப் போகிறார்கள் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள்.

சங்கக் கட்டடத்தில் கூட்ட அறை முதல் மாடி. வெளிப்பக்கமாக நீளமான சிமெண்டுப் படிக்கட்டு. மனைவியையும் மகளையும் கீழே நிறுத்திவிட்டு பீரோ மச்சானோடு ஏறினார். சுவர் முழுக்க அண்ணன் காலைத் தூக்கிய பழைய படங்கள். அவற்றுக்குக் கீழே, காலை ஒரு தலையணைமேல் வைத்தபடி அண்ணன்.

புகார் கொடுத்தவர் முதலாளி. விசாரிப்பவர் சங்கத் தலைவர். இருவரும் ஒரே ஆள் என்பது தற்செயல். முதலாளி மேஜைக்கு இந்தப் பக்கம் எழுந்து நின்று, "ஒரு தயாரிப்பாளரா மனசு நொந்து சொல்றேன், என் படத்தை இவன் நடுத்தெருவுல நிறுத்திட்டான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேஜையைச் சுற்றிப் போய் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "புகார் கொடுத்தவர் முகத்துலேயே உண்மை தெரியுது" என்றார். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டுவதிலும் ஒரு வரிசை இருந்தது.

"ஏம்ப்பா, அண்ணன் உதைச்சாரா இல்லையா?"

"கால் வந்து பட்டுச்சுங்க."

"பட்டும் நின்னியே, என்ன திமிரு?"

"மூணு வரலீங்க. மாஸ்டர் மூணுன்னாதான் விழச் சொன்னாரு."

மாஸ்டர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலைவர் குரலைத் தணித்தார். "சரி, நான் ஒரு வழி சொல்றேன். வெளிய பார்க்க நின்ன. ஆனா உள்ளுக்குள்ள விழுந்துட்ட. அப்படித்தானே?"

பீரோ யோசித்துப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டு வாருங்கள் என்று மனைவி சொன்னதும் நினைவு வந்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "இல்லீங்க. உள்ளுக்குள்ளயும் நின்னுட்டுதான் இருந்தேன்."

தலைவர் எழுந்தார். அவர் எழுந்தால் பேச்சு என்று அர்த்தம்.

"சகோதரர்களே! உதை எங்க இருக்கு? கால்லயா இருக்கு? கால்ல இருந்தா நாம இத்தனை பேரு எதுக்கு? உதை விழுறவன்கிட்ட இருக்கு! நாம விழுந்தாதான் அண்ணன் வீரர். நாம பறந்தாதான் அண்ணன் இடி. அண்ணன் கால்ல என்ன இருக்கு? ஒண்ணுமே..." அண்ணன் பக்கம் பார்வை போனதும் தலைவர் கொஞ்சம் இருமினார். "அண்ணன் கால்ல நம்ம நம்பிக்கை இருக்கு. அந்த நம்பிக்கையை வெச்சுத்தான் நான் வீடு கட்டினேன். இன்னிக்கு ஒருத்தன் நிப்பான். நாளைக்கு எல்லாரும் நிப்பாங்க. எல்லாரும் நின்னா அண்ணன் உட்கார வேண்டியதுதான்!"

அவர் இப்போதே உட்கார்ந்துதானே இருக்கிறார் என்று பீரோ நினைத்தார். நல்ல வேளையாக இந்த முறை வாய் முந்தவில்லை.

அண்ணனுக்கும் ரோஷம் வந்தது. "நான் முழு பலத்தோட உதைச்சா ஆள் செத்துருவான்" என்றார். "கேஸாயிடும்னுதான் இத்தனை வருஷமா படாம உதைக்கிறேன். சந்தேகம் இருந்தா இப்பவே இங்கேயே உதைச்சுக் காட்டறேன்."

சொல்லியிருக்கக் கூடாது. நுணலும் தன் வாயால் கெடும். ஓர் உறுப்பினர் "நடக்கட்டும்!" என்று கை தட்டிவிட்டார், மற்றவர்களும் வரிசையாகத் தட்டினார்கள். அண்ணன் மச்சானின் ஸ்டூலைத் தேடினார். அது நேற்றே பறிமுதல். குழியும் இல்லை, முதல் மாடியில் குழி வெட்டினால் கீழ் வீட்டுக்காரர் தலை தெரியும்.

மாஸ்டர் பீரோவின் காதில் சொன்னார். "மூணு சொல்றேன். கண்ணை மூடிட்டு விழுந்துடு. அட்டை உன் கைக்கு வந்துடும்."

பீரோ சரி என்று தலையாட்டினார். விழுவது என்று தீர்மானமாகத்தான் நின்றார். நான்கு பேர் அண்ணனைத் தூக்கி நிறுத்தினார்கள். அண்ணன் ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் தடுமாறி, பீரோவின் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தள்ளி நின்று பார்ப்பவர்களுக்கு அது ஏதோ பயங்கரமான பிடிபோலத் தெரிந்தது. அண்ணனின் உள்ளங்கை ஈரமாக இருந்தது. வாயிலிருந்து இருமல் மிட்டாய் வாசனை வந்தது.

"ஒண்ணு" என்றார் மாஸ்டர்.

"தம்பி" என்று அண்ணன் முணுமுணுத்தார். "விட்டுடாதப்பா. இடுப்புல ஏற்கெனவே கம்பி வெச்சிருக்கு. நீ சாஞ்சா நான் அவ்வளவுதான்."

"ரெண்டு."

கால் எழுந்தது. கணுக்காலுக்கு மேல் ஒரு சாண். பீரோவின் முழங்காலுக்குக் கீழே ஒரு பூனை உரசுவதுபோல உரசியது.

"மூணு!"

விழுந்தால் அட்டை. ஆனால் விழுந்தால் இந்தக் கிழவரும் சேர்ந்து விழுவார். எலும்பு உடையும். முதுகில் ஏற்றிய எந்தப் பொருளையும் பீரோ கீழே போட்டதில்லை என்று கடையில் சொல்வார்கள். அவர் நின்றார். அண்ணனின் இடுப்பைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, இன்னும் நன்றாக ஊன்றி நின்றார்.

நாற்காலியில் உட்கார வைத்ததும் அண்ணனுக்கு மூச்சும் வந்தது, வீரமும் வந்தது. "பார்த்தீங்களா, ரெண்டாவது தடவையும் நிக்கிறான்! கொழுப்பு!" என்றார்.

அட்டை பறிக்கப்பட்டது. இனி எந்தத் தளத்திலும் அவர் விழக் கூடாது என்று தீர்ப்பு. பீரோ கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். மனைவியிடம் என்ன சொல்வது என்று ஒன்றும் ஓடவில்லை. படிக்கட்டின் கீழே மகள் துள்ளித் துள்ளிக் கையாட்டினாள். அவரும் கையை ஆட்டினார். கண் அவளிடம் இருந்தது, கால் மூளியான ஒரு படியில் பட்டது. அவ்வளவு பெரிய உடம்பு, உருண்டு, இடித்து, தடதடவென்று கடைசிப் படிவரை போய்க் கிடந்தது.

சத்தம் கேட்டு எல்லாரும் மேலே வாசலுக்கு வந்தார்கள். அப்புறம் தலைவரின் குரல் எழுந்தது.

"விழுந்தான்! பார்த்தீங்களா, விழுந்தான்! அண்ணன் உதை இப்ப வேலை செஞ்சிருக்கு! உதைச்ச உடனே விழுந்தா அது சாதா உதை. இது உள்ள போயி, தங்கி, நேரம் பார்த்து ஆளைச் சாய்க்கிற உதை!" அவருக்கே புல்லரித்தது. அந்தப் புல்லரிப்பிலேயே அடுத்த படத்துக்குப் பெயரும் கிடைத்துவிட்டது. "எழுதுங்கய்யா, 'தங்கி அடிக்கும் இடிக்கால்'! போட்டோக்காரரைக் கூப்பிடுங்க! அவன் அட்டையைக் கொண்டா!"

பீரோவுக்கு இடுப்பில் சுரீரென்றது. ஆனால் எலும்பு ஒன்றும் போகவில்லை. கையை ஊன்றி எழப் போனார். மாஸ்டர் தடதடவென்று இறங்கி வந்து தோளை அமுக்கினார்.

"எந்திரிக்காத! படி வழுக்கிச்சுன்னு கிழுக்கிச்சுன்னு வாயத் தொறந்துடாத. அட்டை வருது. உன் மச்சானுக்கு ஸ்டூலும் வருது. அப்படியே கெட."

மனைவி ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அவள் வேறு பக்கம் பார்த்தாள். மகள் இரண்டடி தள்ளி நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் பீரோ கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு வாழ்க்கையில் அவ்வளவு வெட்கமாக என்றைக்கும் இருந்ததில்லை.

அண்ணனை நாற்காலியோடு இறக்கினார்கள். மச்சான் வழக்கம்போல இரண்டு கையாலும் காலைத் தூக்கி மாமாவின் நெஞ்சின்மேல் வைத்தான். "மன்னிச்சுக்குங்க மாமா" என்று வாய்க்குள்ளேயே சொன்னான். போட்டோ எடுத்தார்கள். அண்ணன் முறைத்தபடி ஒன்று, சிரித்தபடி ஒன்று. தலைவர் குனிந்து அட்டையை பீரோவின் சட்டைப் பையில் செருகி, மன்னிக்கும் குணம் சங்கத்துக்கு உண்டு என்று சொல்லி அதையும் போட்டோ எடுக்கச் செய்தார். பிறகு எல்லாரும் சாப்பிட மேலே போய்விட்டார்கள். எழுந்துகொள் என்று யாரும் சொல்லவில்லை.

"போயிட்டாங்க. எந்திரிங்க" என்றாள் மனைவி.

அவர் எழுந்து உட்கார்ந்தார். மகள் கிட்டே வந்து அவர் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"அப்பா, படி தடுக்கித்தானே விழுந்த? நெஜமாத்தானே விழுந்த?"

"ஆமா கண்ணு."

"அப்புறம் ஏன் அவரு கால் வைக்கிற வரைக்கும் எந்திரிக்கல?"

அவர் சட்டைப் பையில் இருந்த அட்டையை எடுத்து மனைவியிடம் கொடுத்தார்.

"விழுந்தது நெஜம்தாம்மா" என்றார். "கெடந்ததுதான் வேலைக்கு."